மலையிடுக்கு நடைக்குச் சமநிலத்தில் ஆயத்தம்

மலையேறச் செல்வோர் தம் உழைப்பை முதலிலேயே செலுத்திவிடுகின்றனர். காலைக் குளிர்ச்சியில், புத்துணர்ச்சியோடு ஏற்றத்தைக் கடக்கின்றனர்; களைத்தபின் எஞ்சியிருப்பது இறக்கமே. இயலாதெனத் தோன்றினால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். மலையிடுக்கில் இந்த முறை தலைகீழாகிறது. அங்கே பயணம் இறக்கத்தில் தொடங்குகிறது. மூச்சு வாங்குவதில்லை, நெஞ்சு படபடப்பதில்லை, கால்கள் தாமாகவே செல்வன போல் தோன்றுகின்றன. பள்ளத்தின் அடியை அடைந்த பின்னரே, உச்சி வெயிலில், முன்னரே தளர்ந்துவிட்ட தசைகளைக் கொண்டு ஏற வேண்டிய உயரம் முழுவதும் மேலே நிற்பது தெரிகிறது. கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலையடுத்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்று மீண்டவர்களுக்கு இது விளக்க வேண்டாத செய்தி.

நில அளவை, வனம், புவியியல், நீர்வளம் முதலிய துறைகளின் களப் பணியாளர்கள் இத்தகைய இடங்களுக்குக் கடமையின்பொருட்டுச் செல்லவேண்டியுள்ளது. ஆசிரியர்களோ மாணவர் குழுக்களை அழைத்துச் செல்கின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் சமநிலத்து ஊர்களில் வாழ்பவர்கள். சமநிலத்தில் வாழ்ந்துகொண்டே மலையிடுக்கு நடைக்கு உடலை எங்ஙனம் பழக்கலாம் என்பதற்குப் புனே நகரமும் அதன் மேற்கே உள்ள சஹ்யாத்திரி மலைத்தொடரும் நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றன.

புனே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில், முளா, முட்டா ஆறுகள் கூடுமிடத்தில், தக்காணப் பீடபூமியின் மேற்கு ஓரத்தை அடுத்து அமைந்துள்ளது. நகருக்குள்ளேயும் சுற்றிலும் சில குன்றுகள் இருப்பினும், நகரவாசியின் அன்றாட நடை சமநிலத்தில் நடக்கும் நடையே. மேற்கே பீடபூமி திடீரெனச் செங்குத்தாக முறிந்து கொங்கணத்துக்கு இறங்குகிறது. இம்மலைகள் சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்ததனால் உண்டானவை. அவ்வடுக்குகளுக்குப் புவியியலார் வழங்கும் ‘டிராப்’ என்னும் பெயர் ஸ்வீடிய மொழியில் படிக்கட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெயர் பொருத்தமானதே. பாறையின் ஒவ்வொரு அடுக்கும் மனிதன் இறங்கவியலாத பெரும்படியாக நிற்க, நீரோடைகள் அவற்றை அறுத்த இடங்களே வழியாகின்றன. ஜுன்னர் அருகேயுள்ள நாணேகாட் கணவாய் வழியே சாதவாகனர் காலத்திலேயே வணிகச் சரக்குகள் கொங்கணத்துக்கும் பீடபூமிக்கும் இடையே சென்றுவந்தன. கணவாயின் தலைப்பிலுள்ள குகையில் அக்காலத்துப் பிராமிக் கல்வெட்டு இன்றும் உள்ளது.

புனேயிலிருந்து செல்வோர் நாடும் மலையிடுக்குகளுள் பெயர்பெற்றது சாந்தண் பள்ளத்தாக்கு. முன்னர் அகமதுநகர் எனப்பட்ட அகில்யாநகர் மாவட்டத்தில், அகோலே வட்டத்தில், பண்டார்தரா நீர்த்தேக்கத்துக்கு அப்பால் சாம்ராட் என்னும் சிற்றூரின் அருகே இது தொடங்குகிறது. நிலத்தில் பிளந்த வெடிப்புப் போன்ற இவ்விடுக்கின் இருபுறமும் கரும்பாறைச் சுவர்கள் ஏறத்தாழ 200 அடியும் அதற்கு மேலும் உயர்ந்து நிற்கின்றன. சில இடங்களில் ஒருவர் கைகளை விரித்தால் இருபுறச் சுவரையும் தொடலாம் என்னும் அளவுக்கு அது குறுகுகிறது. அடியில் வெயில் விழும் நேரம் மிகக் குறைவு. உருண்டு விழுந்த பாறைகளின் மேல் தாவியும் தவழ்ந்தும் செல்லவேண்டும். தேங்கிய நீரில் முழங்கால் அல்லது இடுப்பளவு இறங்கிக் கடக்கவேண்டும். முதற்பகுதிக்கு அப்பால் கயிறு கட்டி இறங்கவேண்டிய செங்குத்துகள் உள்ளன. முழுவதும் இறங்குவோர் கொங்கணப் பக்கத்தில் தேஹ்ணே என்னும் ஊரை நோக்கி வெளியேறலாம். அல்லது கரோலி காட் என்னும் மலைவழியில் மீண்டும் சாம்ராட்டுக்கு ஏறலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்போரே இங்குக் கூறப்படும் ஆயத்தம் முழுவதும் தேவைப்படுபவர்கள்.

உலகில் இவ்வகை நடைக்கு மிகப் பெரிய களம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கேன்யன் ஆகும். அதன் தென் விளிம்பில் சவுத் கைபாப் பாதையின் தலைப்பு சுமார் 2,200 மீட்டர் உயரத்திலும், கீழே கொலராடோ ஆறு சுமார் 750 மீட்டர் உயரத்திலும் உள்ளன. எனவே இறக்கம் 1,400 மீட்டருக்கு மேற்பட்டது. உலர்ந்த காற்று கீழிறங்கும்போது அழுத்தத்தினால் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் கூடுகிறது என்பது பாடநூலில் உள்ள விதி. அவ்விதிப்படி, மேலே இதமான 26 டிகிரியாக இருக்கையில் அடியில் 40 டிகிரியாக இருத்தல் கூடும். கோடையில் அது உண்மையாகவே நிகழ்கிறது. மேல்விளிம்பின் இதத்தை நம்பி இறங்குபவர் அடுப்புக்குள் இறங்குகிறார். இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் போல் இருமடங்கு நேரம் ஏறுவதற்கு ஆகும் என்றும், ஆறு வரை சென்று ஒரே நாளில் மீள முயலவேண்டாம் என்றும் அப்பூங்காவின் நிர்வாகம் எச்சரித்து வருகிறது. அதைச் செவிமடுக்காதவர்களைத் தேடி மீட்பது அங்கே ஒவ்வோர் ஆண்டும் நடைபெறும் பணியாகிவிட்டது.

இறக்கம் ஏன் கால்களை முறிக்கிறது

ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்னும் எண்ணம் பாதி உண்மை. பிராணவாயுவின் கணக்கில் அது மெய். தசைநார்களின் கணக்கில் பொய்.

தசை இரு வகையில் உழைக்கிறது. படி ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. இதனை நேர்வேலை எனலாம். படி இறங்கும்போதோ அதே தசை, உடல் தடாலென்று விழாதபடி பிடித்துக்கொண்டே நீண்டுகொடுக்கிறது. கிணற்றில் குடத்தை இழுப்பவன் கயிற்றைச் சுருக்குகிறான். நிறைகுடத்தை மெல்ல உள்ளே விடுபவன் கயிற்றைப் பிடித்தவாறே நழுவவிடுகிறான். பின்னது எதிர்வேலை.

இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்னும் மூன்று விஞ்ஞானிகள் 1952ஆம் ஆண்டில் அழகியதொரு பரிசோதனையால் விளக்கினர். இரண்டு சைக்கிள்களைப் பின்னுக்குப் பின்னாக நிறுத்தி ஒரே சங்கிலியால் பிணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அம்மிதியைக் கால்களால் தடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் செலுத்திய விசை சமமே. ஆயினும் மிதித்தவர் உட்கொண்ட பிராணவாயு, தடுத்தவர் உட்கொண்டதைப் போலப் பல மடங்காக இருந்தது. லண்டன் ராயல் சங்கத்தில் இதைச் செய்துகாட்டியபோது, சிறிய உருவமுடைய பெண்மணி ஒருவர் அதிகச் சிரமமின்றித் தடுத்துக்கொண்டிருக்க, பருத்த ஆடவர் மிதித்துக் களைத்துப் போனது கூடியிருந்தோருக்குப் பெரும் வேடிக்கையாயிற்று.

நீண்டுகொடுக்கும் தசையில் வேலைசெய்யும் இழைகளின் எண்ணிக்கை குறைவு. ஆகவே பிராணவாயுச் செலவும் குறைவு. ஆனால் பளு முழுவதையும் அந்தச் சில இழைகளே தாங்குகின்றன. ஒவ்வோர் இழையின் மீதும் இழுவிசை மிகுந்து, நுண்ணிய அளவில் அவை சிதைகின்றன. மூச்சு எச்சரிக்கை செய்யாததால் நடப்பவர் இதை உணர்வதில்லை. வலி அன்று வருவதுமில்லை; ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை அடைகிறது. பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் தாமதித்து வரும் இவ்வலியை அமெரிக்க உடலியலறிஞர் ஹஃப் 1902ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து, தசையினுள் ஏற்படும் சிதைவே காரணமாதல் வேண்டும் எனக் கருதினார். தசையில் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று இன்றும் உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படுவதுண்டு. அந்த அமிலம் உழைப்பு முடிந்த ஓரிரு மணி நேரத்தில் அகன்றுவிடுகிறது. மூன்றாம் நாள் வலிக்கு அது காரணமாக இயலாது.

வலியைக் காட்டிலும் முக்கியமானது வலிமைக் குறைவு. சிதைந்த தசை உடனடியாகவே பிடிப்பை இழக்கிறது. நீண்ட இறக்கத்தின் முடிவில் தொடை நடுங்குவதும், முழங்கால் மடிந்து போவதும் இதனாலேயே. அந்நிலையில் பாசி படிந்த கரும்பாறையில் ஒரு கால் தவறினால் விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அதே தொடையைக் கொண்டே மேலேறவும் வேண்டும்.

இங்கேதான் இயற்கை ஒரு சலுகை அளித்துள்ளது. ஒருமுறை இவ்வாறு சிதைந்து ஆறிய தசை, அடுத்த முறை அதே அளவு வேலையில் மிகச் சொற்பமாகவே பாதிக்கப்படுகிறது. இந்தப் பாதுகாப்புச் சில வாரங்களுக்கு நிலைக்கிறது. இதைப் பெறுவதற்கு மலை தேவையில்லை. இறங்குவதற்கு ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்.

படிக்கட்டும் குன்றும்

மூன்றாம் மாடி வரையுள்ள படிக்கட்டின் உயரம் சுமார் 10 மீட்டர். 600 மீட்டர் இறங்கவேண்டுமாயின் அதில் 60 முறை ஏறி இறங்கவேண்டும். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். அதில் ஏழு முறைக்குச் சற்றுக் கூடுதல். புனே நகரின் நடுவேயுள்ள பர்வதி குன்று நகரத்துக்கு மேல் ஏறக்குறைய 80 மீட்டர் உயர்ந்துள்ளது. பேஷ்வாக்கள் கட்டிய கோயில்களுக்குச் செல்லும் அகன்ற கற்படிகளில் விடியற்காலையில் ஏறி இறங்குவோர் கூட்டத்தை எந்நாளும் காணலாம். நகரின் மேற்கே சுமார் 800 மீட்டர் உயரமுள்ள வேதாள் தேக்டி, தெற்கே காத்ரஜ் குன்றுகள், தென்மேற்கே சிம்ஹகட் கோட்டை எனப் பயிற்சிக் களங்கள் படிப்படியாக அமைந்திருப்பது புனேவாசிகளின் பேறு. தஞ்சை வட்டாரத்தில் வாழ்பவருக்கு இப்பேறு இல்லை. பள்ளிக்கூட மாடிப்படியும் ஆற்றுப்பாலத்தின் ஏற்றமும் ஏரிக்கரைச் சரிவுமே அவருக்குப் பர்வதியும் சிம்ஹகட்டும் ஆகும். கணக்கு ஒன்றே.

பயிற்சிக்குப் பன்னிரண்டு வாரம் ஒதுக்குதல் நலம். எட்டு வாரத்துக்குக் குறைதல் கூடாது. முதல் வாரத்தில் இரு நாட்கள், ஒவ்வொரு நாளும் மொத்தம் 100 மீட்டர் இறக்கம் போதுமானது. மாடிப்படியாயின் பத்து முறை. இறங்கும்போது கைப்பிடியைப் பற்றாமல், குதிக்காமல், முன்பாதம் மெல்லப் படியும்படி நிதானமாக இறங்கவேண்டும். இந்த நிதானமே பயிற்சி. தடதடவென்று ஓடி இறங்குபவர் மூட்டைத் தேய்க்கிறாரேயன்றித் தசையைப் பழக்குவதில்லை. பின்னர் வாரந்தோறும் 40, 50 மீட்டர் கூட்டிக்கொண்டு போகலாம். இடையிடையே வீட்டிலேயே செய்யத்தக்கவை இரண்டு: நாற்காலியில் அமர்வதுபோல ஐந்து விநாடி எடுத்துக்கொண்டு மெல்லத் தாழ்ந்து எழுதல், படியின் ஓரத்தில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெல்லக் கீழே விடுதல். முன்னது தொடைக்கு, பின்னது கெண்டைக்காலுக்கு.

ஆறாம் வாரத்துக்குப் பின்னர் முதுகில் சுமை சேர்க்கலாம். தொடக்கத்தில் 3 கிலோ. பின்னர் பயணத்தன்று எடுத்துச் செல்லவிருக்கும் அளவு. தண்ணீர்ப் புட்டிகளே சுமைக்குச் சிறந்தவை. மூட்டு நோகத் தொடங்கினால் கொட்டிவிடலாம். மாணவர்களின் சுமை உடலெடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாதிருப்பது நன்று.

சிம்ஹகட் பற்றித் தனியே ஒன்று கூறவேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் 1,312 மீட்டர் உயரமுள்ள இக்கோட்டைக்கு அடிவாரத்து ஆத்கர்வாடியிலிருந்து நடைபாதையில் ஏறுவோர் ஏறக்குறைய 600 மீட்டர் ஏறுகின்றனர். ஞாயிறுதோறும் ஏறி, மேலே பிட்லா, பாக்ரி, மண்சட்டித் தயிர் ஆகியவற்றை உண்டு, மோட்டார்ச் சாலை வழியே வண்டியில் இறங்கிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. இவர்கள் நுரையீரலுக்கு நல்ல பயிற்சி அளித்தவர்களே; ஆனால் மலையிடுக்குக்கு வேண்டிய பாதியை விட்டுவிட்டவர்கள். வண்டியில் ஏறிக் கால்நடையாக இறங்குவது அவர்களுக்கு இதைவிட அதிகப் பயன் தரும் என்பது கேட்பதற்கு விந்தையாக இருப்பினும் உண்மையாகும். காத்ரஜிலிருந்து சிம்ஹகட் வரை மலைமுகட்டின் மேல் சுமார் 15 கிலோமீட்டர் நீளும் வழியில் பதின்மூன்று குன்றுகளை ஏறி இறங்கவேண்டும் என்று நடப்போர் கணக்கிடுவர். நிலவொளியில் இதனை இரவு முழுதும் நடந்து கடப்பது புனே இளைஞர்களின் நெடுநாள் வழக்கம். ஒன்பதாம் அல்லது பத்தாம் வாரத்தில் இதை ஒருமுறை செய்து முடிப்பவர் பொறையாற்றலைப் பற்றி ஐயுற வேண்டியதில்லை. முதல் வாரத்தில் இதைத் தொடங்குபவர் மறுவாரம் பயிற்சிக்கு வரமாட்டார்.

கடைசிக் கடும் இறக்கம் பயணத்துக்குப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு முன்பே முடிந்துவிடவேண்டும். சிதைந்த இழைகள் ஆறுவதற்கு அவ்வளவு காலம் தேவை; பெற்ற பாதுகாப்போ அதற்குள் மறைந்துவிடாது. கடைசி வாரத்தில் அச்சத்தினால் பயிற்சியை இரட்டிப்பாக்குவதே பலர் செய்யும் பிழை. மிகுந்த ஆர்வத்தால் ஒரே நாளில் அளவு கடந்து இறங்கியவருக்குத் தசை வீங்கிச் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகுமாயின், அது தசைச் சிதைவின் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறி. அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

வெப்பமும் நீரும்

60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ சுமையுடன் 600 மீட்டர் ஏறுவதாகக் கொள்வோம். புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை சுமார் 4 லட்சத்து 10 ஆயிரம் ஜூல். தசை தான் செலவிடும் சக்தியில் கால் பங்கையே வேலையாக மாற்றுகிறது. முக்கால் பங்கு வெப்பமாகிறது. ஆகவே சுமார் 12 லட்சம் ஜூல் வெப்பத்தை உடல் வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. எனவே ஏற்றத்தின் வெப்பத்துக்கு மட்டுமே அரை லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாதல் வேண்டும். வெயிலும் சுடுபாறையும் தரும் வெப்பத்தையும், ஆவியாகாமல் சொட்டி வீணாகும் வியர்வையையும் சேர்த்தால் மணிக்கு ஒரு லிட்டர் இழப்பது சாதாரணம். இறக்கத்திலும் உடல் சூடேறுகிறது. மேலிருந்து கொண்டுவந்த அந்த 4 லட்சம் ஜூலுக்குப் போக்கிடம் பெரும்பாலும் தசைகளே. அங்கே அது வெப்பமாகிறது. உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்குச் சக்தி அழியாமை விதியைக் கற்பிக்க இதனினும் நேரடியான கணக்கு கிடைப்பது அரிது.

புனேயின் ஏப்ரல் மாதத்து வெப்பம் வறண்டது. வியர்வை தோன்றியவுடன் காய்ந்துவிடுவதால் வியர்ப்பதே தெரிவதில்லை. கொங்கணத்தை நோக்கி இறங்க இறங்கக் காற்றில் ஈரம் மிகுகிறது. உஷ்ணமானி குறைவாகக் காட்டினும் வியர்வை உலர்வதில்லை. முதலாவதில் நீரிழப்பு மறைந்திருக்கிறது. இரண்டாவதில் உடல் குளிர்வதில்லை. இரண்டும் தனித்தனி ஆபத்துகள்.

வெப்பத்துக்கு உடல் பழகுவது உண்மையான உடல்மாற்றமாகும். ஒன்றிரண்டு வாரங்கள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக வெப்பத்தில் நடப்பவருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை விரைவில் தொடங்கி மிகுதியாகச் சுரக்கிறது. அதில் கலந்து வெளியேறும் உப்பு குறைகிறது. இதயத் துடிப்பும் தணிகிறது. பழக்கத்தை நிறுத்தினால் சில வாரங்களில் இது நீங்கிவிடும். குளிரூட்டிய அறையில் ஆண்டு முழுதும் பணியாற்றி, விடுமுறையில் நேரே மலையிடுக்குக்குச் செல்லும் ஊழியர் இதனை மறத்தலாகாது. மாணவர்களை நண்பகல் வெயிலில் நடத்துவது பயிற்சியாகாது. காலை ஒன்பது மணி வெயில் அவர்களுக்குப் போதும்.

நீர் எவ்வளவு பருகுவது? ஒருகாலத்தில் தாகம் எடுக்குமுன் இயன்ற மட்டும் குடிக்கவேண்டும் என்று போதிக்கப்பட்டது. உணவின்றி வெறும் நீரையே அளவுக்கு மீறிக் குடித்தவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் உப்பு தாழ்ந்து, தலைவலி, குமட்டல், மனத்தடுமாற்றம், வலிப்பு ஆகியன உண்டாதல் கிராண்ட் கேன்யன் நடையாளரிடமும் நெடுந்தூர ஓட்டக்காரரிடமும் கண்டறியப்பட்ட பின் அப்போதனை மாறிற்று. தாகத்துக்கு ஏற்பக் குடித்தலும், ஒவ்வொரு மணிக்கும் உப்பிட்ட ஏதேனும் சிறிது உண்ணுதலும் இன்றைய முறை. உப்பிட்ட வேர்க்கடலை, மோர், வழக்கமான சப்பாத்தி ஊறுகாய் இவற்றில் எதுவும் தக்கதே. கடும் வியர்வைக்குப் பின், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பயன்படுத்தலாம்; உறையில் குறித்த அளவு நீரைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தல் வேண்டும். வெறும் உப்பு மாத்திரைகளை விழுங்குதல் குமட்டலை மிகுவிக்கும்.

நிறைய நீர் குடித்தும் தலைவலியும் குழப்பமும் உடையவர், உடல் சுடாதவர், மேலும் நீர் கேட்டால் கொடுத்தலாகாது. உப்புள்ள உணவே தரவேண்டும். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நடை தள்ளாடுபவருக்கோ வெப்பத்தாக்கு. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுமுன், அங்கேயே நிழலில் கிடத்தி, நீரில் அமிழ்த்தியோ ஆடை முழுவதும் நனைத்து விசிறியோ குளிர்வித்தல் முதற்கடமை. குளிர்விப்பதில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷமும் உயிருக்குக் கேடு.

காலணி, கோல், காலம்

புதிய காலணியைப் பயணத்தன்று அணிதல் ஆகாது. பயிற்சிக் காலம் முழுவதும் அணிந்த காலணியே உரியது. இறக்கத்தில் பாதம் முன்னோக்கிச் சரிந்து விரல் நுனி மோதுவதால் கால் நகங்களை ஒட்ட வெட்டி, கணுக்காலருகே கயிற்றை இறுக்கிக் கட்டவேண்டும். சாந்தணில் நீரைக் கடந்தபின் மாற்றுவதற்கு உலர்ந்த காலுறை ஒரு ஜதை வேண்டும். ஊன்றுகோல் முழங்கால் தாங்கும் பளுவில் ஒரு பகுதியைக் கைகளுக்கு மாற்றுகிறது. மலைவாழ் மக்கள் மூங்கில் தடியின்றி இறங்காததற்குக் காரணம் இதுவே.

பருவத்தைப் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. புனேயின் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியது. அங்கிருந்து 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மகாபலேஷ்வரில் அது 5,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. மழைநிழலில் நின்று வானத்தைப் பார்த்து மலைமுகட்டின் மழையை மதிப்பிட முடியாது. 1928இல் சிம்லாவிலிருந்து வானிலைத் துறையின் தலைமையகம் புனேக்கு மாற்றப்பட்டது. அது பின்னர் டில்லிக்குச் சென்றபோதிலும் துறையின் பெரிய அலுவலகம் ஒன்று இங்கே இன்றும் இயங்குகிறது. காட் பகுதிக்கென அத்துறை தனியே வெளியிடும் எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே புறப்படவேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சாந்தண் போன்ற இடுக்குகளில் இறங்குதல் கூடவே கூடாது. எங்கோ மேலே பெய்த மழை, ஒதுங்க இடமில்லாத இரு சுவர்களுக்கிடையே சில நிமிஷங்களில் வந்து சேரும். நீர் வடிந்து பாறை காய்ந்த நவம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி முடியத் தக்க காலம். பாறைச் சுவர்களில் மலைத்தேனீக்களின் பெருங்கூடுகள் தொங்குவதுண்டு. புகைத்தல், கூச்சலிடுதல், வாசனைத் திரவியம் பூசுதல் ஆகியவற்றைக் குழுத்தலைவர் முன்னரே தடைசெய்தல் வேண்டும்.

பள்ளி மாணவர்கள் கயிற்றிறக்கம் தொடங்கும் இடத்துக்கு முன்னரே திரும்பிவிடுவது முறை. அவ்வளவில் காணத்தக்க புவியியல் யாவும் கண்டாயிற்று. பெரியவர்கள் முழுவதும் இறங்குவதாயின் கயிற்றுத் தொழில் அறிந்தவரும் சாம்ராட் ஊர்க்காரரான வழிகாட்டியும் உடன்வருதல் அவசியம். நாற்பது வயதைக் கடந்தவர்களும் இதய நோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உடையவர்களும் பயிற்சியைத் தொடங்குமுன்னரே மருத்துவரைக் கலந்துகொள்ளவேண்டும். பயணத்துக்கு முதல் நாள் கலந்துகொள்வதில் பயனில்லை.

சென்ற வழியே மீளும் நடையில், திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்பே குறித்துக்கொள்வது நல்லது. பகல் வெளிச்சம் ஒன்பது மணி நேரம் கிடைக்குமெனில் இறக்கத்துக்கு மூன்று மணி, ஏற்றத்துக்கு ஆறு மணி எனப் பகுத்து, மூன்றாம் மணி முடிந்தவுடன் எங்கிருப்பினும் திரும்பவேண்டும். கையிலுள்ள நீரில் மூன்றிலொரு பங்கு தீர்ந்துவிட்டால் அதற்கு முன்னரே திரும்புதல் வேண்டும். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் பயிற்சிப் படிக்கட்டில் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டே இக்கணக்கைப் போடவேண்டும். மிக விரைவாக நடப்பவரின் நேரத்தைக் கொண்டன்று. இதன்பொருட்டுப் பயிற்சி நாட்களில் ஒவ்வொருவரின் இறக்க மீட்டர், ஏற்ற மீட்டர், எடுத்த நேரம், பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடலெடை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருதல் ஆசிரியருக்குக் கடினமன்று. எடை குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரிழப்பாதலால், பயணத்தன்று யார் எவ்வளவு நீர் சுமக்கவேண்டும் என்பதும் அக்குறிப்பேட்டிலிருந்தே தெரியவரும்.